'மொக்கை'யை விட்டால் வேறு சொல் இல்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை மாலைகளில் சில கல்லூரிப் பிள்ளைகள் எழுதும் விமர்சனங்களைப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். படம், நாவல், ஓட்டல் சாப்பாடு, கல்யாணக் கச்சேரி எதுவானாலும் பிடித்திருந்தால் பத்து வரி எழுதுவார்கள். பிடிக்காவிட்டால் ஒரே சொல்தான்: மொக்கை. அதை அடித்துவிட்டு வேறு சொல் போடுங்கள் என்றால் கேள்விகள் கிளம்பும். வருஷா வருஷம் பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் என் தொண்டைக்காவது ஓய்வு கிடைக்கும் என்று தொகுத்தது இது. கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

மொக்கைன்னு எழுதினா என்ன தப்பு? எல்லாருக்கும் புரியுதே?

தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் என்ன புரிகிறது? உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மட்டும் புரிகிறது. கதை பழசா, நீளம் அதிகமா, எடுத்தவருக்கே அக்கறை இல்லையா, ஒன்றும் தெரியவில்லை. டாக்டரிடம் போய் 'உடம்பு சரியில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அவர் என்ன செய்வார்? எங்கே வலிக்கிறது என்று சொல்ல வேண்டாமா?

தமிழில் குறை சொல்லும் சொற்கள் பலவும் காரணத்தைக் கையோடு கொண்டுவருபவை. 'சப்பென்று இருக்கிறது' என்றால் ஏதோ குறைகிறது. 'புளித்துப்போனது' என்றால் முன்பே பலமுறை பார்த்தது. 'இழுவை' என்றால் நீளம். 'அரைவேக்காடு' என்றால் பாதியில் இறக்கிவிட்டார்கள். இத்தனை வசதி இருக்கும்போது எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரையைக் குத்துவது சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

சரி, மொக்கைன்னா உண்மையில என்ன அர்த்தம்?

கூர் இல்லாதது. எழுதி எழுதிப் பென்சில் மொக்கையாகிவிட்டது, அரிவாள் மொக்கை என்று சொல்வதுண்டு. 'மொண்ணை'யும் இதே பொருளில் வரும். கூரில்லாத ஜோக்கை 'மொக்கை ஜோக்' என்பது அழகான பொருத்தம். அங்கிருந்து கிளம்பித்தான் இன்று எல்லாவற்றுக்கும் ஆகிவிட்டது. வெட்டிப் பேச்சுக்கு 'மொக்கை போடுதல்', அசடு வழிந்தால் 'மொக்கை வாங்குதல்'.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சலிப்பூட்டும் பேச்சுக்கு நம்மிடம் இருக்கும் மற்ற சொற்களைப் பாருங்கள்: அறுவை, பிளேடு, ரம்பம், கழுத்தறுப்பு. எல்லாம் வெட்டும் சாமான்கள்! கூர் இல்லை என்றும் குறை சொல்கிறோம், அறுக்கிறான் என்றும் குறை சொல்கிறோம். எனக்குத் தோன்றும் விளக்கம் இது: கூரான கத்தி என்றால் ஒரே வெட்டு. மொக்கைக் கத்திதான் வைத்து அறுத்துக்கொண்டே இருக்கும். எழுதும்போது ஒரு வித்தியாசம் வைத்துக்கொள்ளலாம். மொக்கை என்பது பொருளின் குணம். அறுவைக்கு எதிரே மாட்டிக்கொண்ட ஒருவர் வேண்டும். பூட்டிய அறைக்குள் தனியாகப் பேசுகிறவர் யாரையும் அறுப்பதில்லை.

'சப்புன்னு இருக்கு', 'சவசவன்னு இருக்கு' ரெண்டும் ஒண்ணுதானே?

பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே வீடு இல்லை. சப்பென்று இருப்பதில் வர வேண்டிய சுவை வரவில்லை. உப்பு மறந்த ரசம் சப்பென்று இருக்கும். கடைசி ஓவர் வரை நகம் கடிக்க வைத்த ஆட்டம் மழையால் நின்றுபோனால் 'சப்பென்று முடிந்தது' என்போம். இந்தச் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் ஓர் எதிர்பார்ப்பு இருக்கும்.

சவசவ என்பதில் சுவையும் இல்லை, பல்லுக்குப் பிடிப்பும் இல்லை. வெளுத்த தர்பூசணியைக் கடித்தால் தெரியும். சப்பென்ற ரசத்தில் ஒரு கல் உப்பைப் போட்டால் தேறிவிடும், சவசவப் பழத்தில் எதைத் தூவினாலும் தேறாது. அதனால் முடிவு மட்டும் சரியில்லாத கதைக்குச் சப்பென்று என்று எழுதுங்கள். வரிக்கு வரி பிடிப்பில்லாத நடைக்குச் சவசவ. இது இரட்டைக்கிளவி என்பதால் 'சவ என்று இருந்தது' என்று பாதியாக எழுதக் கூடாது. இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது.

'சப்பை' இன்னொரு ஆள். தட்டையாக இருப்பது சப்பை: சப்பை மூக்கு. 'அது சப்பை மேட்டர்' என்றால் ரொம்பச் சுலபம் அல்லது ஒன்றுமில்லாத விஷயம். சுவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'உப்புச் சப்பில்லாம'ன்னா சப்பு இல்லாதது குறை. 'சப்புன்னு இருக்கு'ன்னா சப்பு இருக்கிறதே குறை. எது சரி?

வருஷத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள், எனக்கும் பிடித்த கேள்வி. 'உப்புச் சப்பு' என்பதை நான் காசு கீசு, பழம் கிழம் மாதிரி ஒரு ஜோடியாகவே படிக்கிறேன். உப்பு என்ற சொல்லுக்கு ஒலித் துணையாகச் சப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அங்கே அதைத் தனியாகப் பிரித்து அர்த்தம் கேட்க வேண்டியதில்லை. 'சப்பென்று' என்பதில் வரும் சப்புக்கு மட்டும் உறவினர்கள் இருக்கிறார்கள்: கன்னடத்தில் உப்பில்லாததைச் 'சப்பெ' என்பார்கள், தெலுங்கில் 'சப்பிடி'.

உப்பை வைத்துப் பேசுவது நமக்குப் பழைய பழக்கம். காதலர்களின் ஊடலுக்கே வள்ளுவர் உப்பைத்தான் அளவாகச் சொன்னார் (குறள் 1302). அளவாக இருந்தால் ருசி, கொஞ்சம் நீண்டுவிட்டால் உப்பு மிகுந்த கதை.

'போர்'னு தமிழ்ல எழுதலாமா? யுத்தம்னு நினைச்சுக்க மாட்டாங்களா?

எழுதலாம், ஆனால் சுற்றிலும் பார்த்துக்கொண்டு எழுதுங்கள். தமிழ் எழுத்தில் இந்தச் சொல்லுக்கு நாலு வேஷம். யுத்தம் போர், வைக்கோலைக் குவித்து வைப்பதும் போர், தண்ணீருக்காகத் தோட்டத்தில் போடுவதும் போர், ஆங்கிலத்திலிருந்து வந்த சலிப்பும் போர். போதாக்குறைக்குக் களத்தில் கதிரடிப்பதற்கு 'போரடித்தல்' என்றே பெயர். மாடு கட்டிப் போரடித்து மாளாமல் ஆனை கட்டிப் போரடித்த மதுரை என்று பழம்பாட்டு பெருமைப்படுகிறது. அந்த ஆனைக்குப் போரடித்ததா என்று யாரும் கேட்கவில்லை.

'போர் படம்' என்று எழுதினால் நிச்சயம் குழம்பும். 'படம் போரடித்தது' என்றால் குழம்பாது.

அலுப்பு, சலிப்பு: எதை எங்கே போடணும்?

சலிப்பு மனசுக்கு. அலுப்பு மனசுக்கும் வரும், உடம்புக்கும் வரும். பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து வந்தால் உடம்பு அலுப்பு. நாட்டு மருந்துக் கடையில் அலுப்பு மருந்து கிடைக்கிறது, சலிப்புக்கு இன்னும் மருந்து வரவில்லை. 'சலித்துக்கொண்டார்' என்றால் வேறு: வாய்விட்டுக் குறைபட்டுக்கொண்டார் என்று அர்த்தம்.

இலங்கைத் தமிழர் யாராவது 'அலுப்புக் குடுக்காதை' என்றால் களைப்பைப் பற்றிப் பேசவில்லை, தொந்தரவு செய்யாதே என்கிறார். அவர்கள் எழுதியதைத் திருத்தும்போது அதை மாற்றிவிடாதீர்கள்.

பழைய ஜோக்கை 'புளிச்சுப் போச்சு'ன்னும் சொல்றாங்க, 'ஊசிப் போச்சு'ன்னும் சொல்றாங்க. எது?

சமையலறைப் பக்கம் அதிகம் போகாதவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். மாவு புளிக்கும், மோர் புளிக்கும், சாம்பார் ஊசும். மாவு புளித்தால் பணியாரம் ஊற்றிவிடலாம். நூல் விடுகிற வடையைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை. அதனால் திரும்பத் திரும்பக் கேட்டுச் சலித்த ஜோக் புளித்த ஜோக். ஒருவருடைய நிறத்தையோ உடம்பையோ வைத்துக் கேலி செய்யும் ஜோக், ஒரு காலத்தில் கூட்டம் சிரித்திருந்தாலும் இன்று குமட்டுகிறது. அது ஊசிப்போனது.

நமத்தல் என்று ஒன்று உண்டு. மூடாமல் வைத்த முறுக்கு, மழைக்காலத்து அப்பளம். கெட்டுப்போகவில்லை, மொறுமொறுப்பு மட்டும் போய்விட்டது. தேர்தல் நேரத்தில் எழுதிய நையாண்டியை ஆறு மாதம் கழித்துப் படித்தால் இப்படித்தான் இருக்கும். எழுதியவர் மேல் குற்றமில்லை, காற்றுப் பட்டுவிட்டது. செய்தி பழசானால் 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி'. அதே கதையை நடிகரை மட்டும் மாற்றி எடுத்தால் 'அரைத்த மாவையே அரைப்பது'. இதில் கவனியுங்கள், மாவு நல்ல மாவுதான். அரைத்து முடிந்தது தெரியாமல் கல்லைச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் குறை.

இந்த ஐந்தையும் சரியாகப் பிரித்து எழுதுகிறவரின் விமர்சனத்தில் நான் பேனா வைப்பதில்லை.

படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா ரொம்ப நீளம். அதுக்கு?

இழுவை. கொஞ்சம் கிண்டலாக வேண்டுமென்றால் 'ஜவ்வு மாதிரி இழுக்கிறார்கள்'. மூங்கில் கழியின் உச்சியில் சுற்றி வைத்த ஜவ்வு மிட்டாயை இழுத்து, கைக்கடிகாரமும் குருவியும் செய்து கையில் கட்டிவிடுவார்களே, அதுவும் இழுவைதான். ஆனால் பார்த்துக்கொண்டு நின்ற எந்தக் குழந்தைக்கும் அது போரடித்ததில்லை. பாவம், அந்த மிட்டாய்க்குக் கெட்ட பெயர்.

முழுப் படமும் நீளமாக இல்லாமல் நடுவில் மட்டும் தளர்ந்தால் 'தொய்வு'. கயிற்றுக் கட்டிலில் படுத்துப் படுத்து நடுப்பகுதி தொங்குகிறதல்லவா, அதுதான் தொய்வு. 'தொடக்கத்தில் தொய்வு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. இறுக்கிக் கட்டிய பிறகுதானே தொய்யும்? தொடக்கத்துக்கு 'மந்தம்' போதும்.

சொதப்பல்னா மொக்கைதானே?

இல்லை. சொதப்புவதற்கு முயற்சி வேண்டும். நல்ல கதையை எடுத்துக்கொண்டு கெடுத்தவர்தான் சொதப்பியவர்.

முயற்சியே பண்ணாம செஞ்ச வேலைக்கு என்ன சொல்றது?

இதில் நாம் பணக்காரர்கள். ஏனோதானோ, கடனே என்று, ஒப்புக்கு, பேருக்கு, சாஸ்திரத்துக்கு, அரைகுறை. எல்லாம் ஒன்று போலத் தெரியும். ஏனோதானோவில் கவனம் இல்லை. கடனே என்று செய்வதில் விருப்பம் இல்லை, ஆனால் வேலை முழுசாகவே நடந்திருக்கலாம். ஒப்புக்கும் பேருக்கும் அடுத்தவர் கண்ணுக்காகச் செய்வது: விழாவுக்கு வந்த சிறப்பு விருந்தினர் பேருக்கு இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் காரில் ஏறுவார். சாஸ்திரத்துக்கு என்பது அதிலும் குறைந்தபட்சம், இலையில் ஓரமாக வைக்கும் ஒரு துளி பாயசம் மாதிரி. அரைகுறை, அரைவேக்காடு இரண்டிலும் வேலையே முடியவில்லை.

'உப்புக்குச் சப்பாணியா, ஒப்புக்குச் சப்பாணியா' என்றும் கேட்பார்கள். தெரு விளையாட்டில் அழுகிற சின்னப் பிள்ளையைச் சமாதானத்துக்காகச் சேர்த்துக்கொள்ளும்போது சொல்வது இது. ஒப்புக்கு என்பதுதான் பொருளுக்குப் பொருந்துகிறது. உப்புக்கு என்றும் ஊரெல்லாம் சொல்கிறார்கள். சப்பாணி என்ற சொல் கால் ஊனமுற்றவரைக் குறிப்பது, அதனால் நான் இரண்டையுமே அச்சில் விடுவதில்லை.

'சுமார்', 'பரவாயில்லை' இதெல்லாம் பாராட்டா திட்டா?

இரண்டும் பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்து சேர்ந்தவை. அங்கே சுமார் என்றால் எண்ணிக்கை, பர்வா என்றால் கவலை. இங்கே சுமார் முதலில் 'ஏறக்குறைய' ஆகி, அப்புறம் 'ஏறக்குறைய நன்றாக' என்ற அளவில் நின்றுவிட்டது. 'படம் சுமார் இரண்டரை மணி நேரம்' என்பதை எப்படி வேண்டுமானாலும் படிக்கலாம். பல படங்களுக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும்.

பரவாயில்லை, கவலை இல்லை என்பதிலிருந்து 'மோசமில்லை' என்று ஆனது. இங்கே அகராதியைவிடக் குரல் முக்கியம். 'பரவாயில்லையே!' என்று ஏகாரம் நீண்டால் எதிர்பார்த்ததைவிட நன்று. 'ம்... பரவாயில்லை' என்று தலை சாய்ந்தால் அடுத்த தடவை அந்த ஓட்டலுக்குப் போக மாட்டார்கள். எழுத்தில் குரல் கேட்காது. அதனால் விமர்சனத்தில் இதைத் தனியாக விடாதீர்கள். எந்த அளவில் பரவாயில்லை என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

'சக்கை'ன்னா சாரம் இல்லாதது. அப்புறம் ஏன் 'சக்கைப்போடு போடுது'ன்னா ஹிட்?

கரும்பைப் பிழிந்த பின் மிஞ்சுவது சக்கை. சாரமில்லாத பேச்சைச் சக்கை என்பது அந்தக் கணக்கில். சக்கைப்போடு அமோகமாக ஓடுவதற்கான மரபுத்தொடர், அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது. மேலே உப்புச் சப்புக்குச் சொன்னதுதான் இங்கேயும். 'படம் வெறும் சக்கை, ஆனால் சக்கைப்போடு போடுகிறது' என்று ஒரு மாணவி எழுதினாள். திருத்தாமல் விட்டேன்.

கன்னியாகுமரிப் பக்கம் போனால் சக்கை என்பது பலாப்பழம். அங்கே யாரையும் அந்தச் சொல்லால் திட்ட முடியாது.

பெரிசா பில்டப் கொடுத்து ஒண்ணுமில்லாம போனா?

தனிமனித எதிர்பார்ப்பு என்றால் முன்பு சொன்ன சப்பென்று போதும். ஊரே காத்திருந்தது என்றால் 'புஸ்வாணம் ஆனது' என்பது நன்றாக உட்காரும். வெடிக்கப் போகிறது என்று காதைப் பொத்திக்கொண்டு நின்றால் புஸ் என்ற சத்தத்தோடு சரி. போராட்டம், கடையடைப்பு போன்றவற்றுக்கு ஆள் சேராவிட்டால் பத்திரிகைகள் 'பிசுபிசுத்தது' என்று எழுதும். அதைப் படத்துக்கும் நாவலுக்கும் போடாதீர்கள், ஒட்டாது. முயற்சி பெரிது, பலன் சிறிது என்று காட்ட 'மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை' இருக்கிறது.

எல்லாமே நல்லா இருந்தும் திருப்தி இல்லைன்னா அது என்ன குறை?

அநேகமாகத் திகட்டல். குறைவதால் வரும் அதிருப்திக்குத்தான் இதுவரை சொல் பார்த்தோம். கூடுவதாலும் வரும். மூன்றாவது மைசூர்பாகு முதலாவதைவிட மோசமாகச் செய்யப்பட்டதில்லை. உவமை மேல் உவமையாக அடுக்கும் கவிதையையும், ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அழவைக்கும் படத்தையும் 'சலிப்பு' என்று எழுதினால் அநியாயம். திகட்டுகிறது என்று எழுதுங்கள். ஆசிரியருக்கு அதில் பாதி பாராட்டாவது மிஞ்சும்.

ஒருத்தர் பேச்சு போரடிச்சா 'வளவள'வா 'வழவழ'வா?

வளவள என்றால் நிறுத்தாமல் பேசுவது. வழவழ என்றால் வழுக்குவது. 'வழவழா கொழகொழா' பேச்சு சுருக்கமாகவே இருக்கலாம், ஆனால் பிடி கொடுக்காது. ஆமாமா, இல்லையா என்று கேட்டால் விளக்கெண்ணெயில் வதக்கிய வெண்டைக்காய் மாதிரி நழுவுவார்கள். ஒரு எழுத்து மாறினால் குற்றச்சாட்டே மாறிவிடும்.

பழைய தமிழ்ல இதுக்கெல்லாம் சொல் உண்டா, இல்ல நாமதான் இப்படிக் குறை சொல்றோமா?

நம்மைவிடக் கறாராகச் சொல்லியிருக்கிறார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல், சுமார் 13-ஆம் நூற்றாண்டு (இந்தச் சுமார் ஏறக்குறைய என்ற சுமார்), நூலுக்கு ஆகாத 10 குற்றங்களைப் பட்டியல் போடுகிறது. அரைத்த மாவுக்கு அங்கே 'கூறியது கூறல்'. பேச வந்ததை விட்டுவிட்டு வேறொன்றைப் பரப்புவது 'மற்றொன்று விரித்தல்'. பயனில்லாத சொற்களாகக் கோத்துக்கொண்டே போவது 'வெற்றெனத் தொடுத்தல்'. எனக்கு மிகவும் பிடித்தது 'சென்று தேய்ந்து இறுதல்': ஜோராகத் தொடங்கி, போகப்போக மெலிந்து, கடைசியில் ஒன்றுமில்லாமல் முடிவது. இடைவேளைக்குப் பிறகு படுத்துவிடும் படங்களுக்கு இதைவிடத் துல்லியமான சொல்லை நான் பார்த்ததில்லை. தொய்வு நடுவில், இது கடைசி வரை.

வள்ளுவர் பயனில்லாத பேச்சுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, அப்படிப் பேசுவதைப் பெரிதாக நினைப்பவனை மனிதன் என்று சொல்லாதே, மக்களுள் பதர் என்று சொல் என்கிறார் (குறள் 196, அவர் போட்ட சொல் 'பதடி'). அறுவை என்பது அதன் பக்கத்தில் செல்லப் பெயர்தான்.

கலர், வெளிச்சம், வீடு இதெல்லாம் 'டல்'லா இருந்தா?

நிறம் மங்கல், வெளிறல். விழா களையிழந்தது. கடைத்தெரு வெறிச்சோடியது. குறைந்த மின்னழுத்தத்தில் எரியும் குண்டு பல்புக்கு 'அழுது வடிகிறது' என்பார்கள், சில வீடுகளுக்கும் சில முகங்களுக்கும் அதுவே பொருந்தும்.

சாப்பிட்டுட்டு அத்தை வீட்ல உண்மையைச் சொல்லணும்னா எந்தச் சொல்?

மேலே உள்ள எதுவும் வேண்டாம். 'சப்பென்று இருக்கிறது' என்றால் அடுத்த தீபாவளி வரை பேச்சு நின்றுபோகும். அதற்கு வீடுகளில் ஒரு சொல் வைத்திருக்கிறோம்: மட்டு. 'உப்பு கொஞ்சம் மட்டா இருக்கு அத்தை' என்றால் குற்றம் உப்பின் தலையில் விழும். 'எனக்கு எப்பவும் கொஞ்சம் தூக்கலா வேணும்' என்று சேர்த்துக்கொண்டால் அதுவும் உங்கள் நாக்கின் தலைக்குப் போய்விடும். அத்தை உப்பு ஜாடியை எடுத்து வந்து வைப்பார். வேண்டிய அளவு போட்டுக்கொண்டு சாப்பிடுங்கள்.